ஆயாவுக்குப் பேர் என்ன?

ஆங்கிலம் பழக எதைக் கேட்பது என்று கல்லூரித் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில்களில் ஒன்று லிப்ரிவாக்ஸ். 2005இல் கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த ஹியூ மெக்வயர் தொடங்கிய தன்னார்வ முயற்சி அது. காப்புரிமைக் காலம் முடிந்துபோன புத்தகங்களை உலகம் முழுக்க இருந்து ஆட்கள் காசு வாங்காமல் வாசித்துப் பதிவேற்றுகிறார்கள். பணம் கட்ட வேண்டாம். எம்பி3 கோப்பாக இறக்கிக்கொண்டால் டேட்டா தீர்ந்த பிறகும் கேட்கலாம். ஆயிரக்கணக்கில் கொடுத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போக வழியில்லாத நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி.

எங்கள் காலனியில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் பாடசாலையில் இந்த வருடம் அப்படி ஒரு குழந்தைகள் நாவலை ஓடவிட்டோம். பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் எழுதிய 'சீக்ரெட் கார்டன்'. 1911இல் புத்தகமாக வந்தது. 27 அத்தியாயம். முழுதாகக் கேட்க ஏறத்தாழ எட்டு மணி நேரம். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒரு அத்தியாயம். கையில் அச்செடுத்த தாள், காதில் குரல். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் ஒன் வரை பதினான்கு பிள்ளைகள்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேரி லென்னாக்ஸ் பத்து வயது வெள்ளைக்காரச் சிறுமி. இந்தியாவில் பிறந்து வளர்ந்தவள். காலரா வந்து அப்பா அம்மா இருவரும் செத்துப்போகிறார்கள். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் இருக்கும் மாமாவின் பெரிய மாளிகைக்கு அவளை அனுப்புகிறார்கள். அங்கே பத்து வருடமாகப் பூட்டிக்கிடக்கும் ஒரு தோட்டத்தைக் கண்டுபிடிக்கிறாள். மாளிகைக்குள் ஒளித்து வைத்தது போல் படுக்கையிலேயே வளரும் காலின் என்ற பையனையும் கண்டுபிடிக்கிறாள். தோட்டமும் தேறுகிறது, பிள்ளைகளும் தேறுகிறார்கள். நூறு வருடத்துக்கு மேலாக உலகக் குழந்தைகள் விரும்பிப் படிக்கும் கதை.

ஆனால் அந்தத் தோட்டத்துக்குப் போகும் வழி ஒரு வேலைக்காரப் பெண்ணின் பிணத்தைத் தாண்டித்தான் போகிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் அத்தியாயம் முழுக்க இந்தியா. மேரியை வளர்ப்பது அவளுடைய ஆயா. அம்மாவுக்கு விருந்துகளுக்குப் போகவே நேரம் போதாது. ஒரு நாள் காலை மேரி கண்விழிக்கும்போது தன் ஆயாவுக்குப் பதிலாக வேறொரு வேலைக்காரி நிற்கிறாள். ஆயாவால் வர முடியாது என்று அந்தப் பெண் பயந்து திக்கித் திணறிச் சொல்கிறாள். மேரி அவளை அடிக்கிறாள், உதைக்கிறாள். பிறகு தனியாக உட்கார்ந்து, ஆயா வந்ததும் அவளை என்னவெல்லாம் திட்டலாம் என்று முணுமுணுத்துப் பார்த்துக்கொள்கிறாள். பன்றி என்கிறாள், பன்றிக்குப் பிறந்தவள் என்கிறாள். இந்தியர்களை அப்படிச் சொல்வதுதான் இருப்பதிலேயே பெரிய அவமானம் என்று கதை சொல்பவரே நமக்கு விளக்கமும் தருகிறார்.

கண்ணால் வாசிக்கும்போது இந்த இடத்தைச் சட்டென்று கடந்துவிட முடியும். எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் சின்ன வயதில் இதைப் படித்திருக்கிறார்கள். பூட்டிய தோட்டம் நினைவிருக்கிறது, சாவி நினைவிருக்கிறது, ராபின் குருவி நினைவிருக்கிறது. ஆயா நினைவில் இல்லை. காதில் விழும்போது அப்படிக் கடக்க முடியாது. ஒரு மனிதக் குரல், அதுவும் இனிமையான குரல், அந்த வசவை வாய்விட்டுச் சொல்கிறது. ஸ்பீக்கரில் இருந்து வந்து அறை முழுக்க நிற்கிறது.

அன்றைக்குப் பின்வரிசையில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். எங்கள் தெருவில் பன்றி வளர்க்கும் வீடுகள் உண்டு. பள்ளியில் அந்தப் பிள்ளைகளுக்கு அதுவே பட்டப்பெயர். சிரித்தவர்களில் ஒருவன் அந்த வீட்டுப் பையன். மற்றவன் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிட வேண்டும் என்ற சிரிப்பு அது. நம்மில் பலருக்கு அந்தச் சிரிப்பு தெரியும். நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி' படம் பார்த்தவர்களுக்கும் தெரியும். அந்தத் தலைப்புக்குப் பொருளே பன்றிதான்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு வேறு சந்தேகம். "அக்கா, ஆயான்னா அவ பாட்டியா?"

நாங்கள் திண்டிவனம் பக்கம். எங்களுக்குப் பாட்டிதான் ஆயா. அம்மாவைப் பெற்றவளும் ஆயா, அப்பாவைப் பெற்றவளும் ஆயா. பாட்டியைப் போய் இந்தப் பெண் இப்படித் திட்டுகிறாளே என்று அவள் அதிர்ந்துபோயிருக்கிறாள். இது வெள்ளைக்காரர் வீட்டில் குழந்தை வளர்க்க வைத்த வேலைக்காரிக்கான பேர், போர்த்துகீசியத்தில் இருந்து வந்த சொல் என்று விளக்கினேன். பால்வாடி ஆயா, பள்ளிக்கூட ஆயா என்கிறோமே அந்த ஆயா. அவள் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "சரிக்கா, அந்த ஆயாவுக்குப் பேர் என்ன?"

பேர் இல்லை. புத்தகத்தில் பேர் தரவில்லை. மேரிக்குப் பேர் இருக்கிறது. தோட்டக்கார பென் வெதர்ஸ்டாஃபுக்கு இருக்கிறது. டிக்கன் வளர்க்கும் காக்கைக்குக்கூட 'சூட்' என்று பேர் இருக்கிறது. ஆயா ஆயாதான்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. என் அம்மா ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் பதினோரு வருடம் ஆயாவாக இருந்தார். கழிப்பறை கழுவுவது, வாந்தி துடைப்பது, பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவது, சாயங்காலம் அழைத்துப்போக ஆள் வராத பிள்ளைகளைக் கேட் பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொல்வது எல்லாம் அவர் வேலை. அந்தப் பள்ளியின் ஆண்டுமலர் ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆசிரியர் பேர், படிப்பு, பாடம் எல்லாம் வரிசையாகப் போட்டிருக்கும். வேன் டிரைவர்கள் பேரும் உண்டு. கடைசி வரியில் 'ஆயாக்கள் – 3' என்று இருக்கும். அம்மா அந்த வரியைக் காட்டி, "இதுல நடு ஆளு நான்தான்" என்பார். அவருக்கு அது நகைச்சுவை. எனக்கு இன்றுவரை அது நகைச்சுவையாக வரவில்லை.

முதல் அத்தியாயம் முடிந்த அன்றைக்கே பாடசாலைத் தோழர் ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்தார். "நம்ம பிள்ளைங்க வெளியில கேக்கறது பத்தாதா? இங்கயும் வந்து கேக்கணுமா? அந்த இடத்தை வெட்டிட்டு ஓடவிடுங்க. இல்லன்னா வேற கதை போடுங்க." அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இது நமக்கு மட்டும் வந்த சிக்கலும் இல்லை. மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் கறுப்பின மக்களை இழிவுசெய்யும் ஒரு சொல் இருநூறு இடங்களுக்கு மேல் வருகிறது. 2011இல் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு பதிப்பகம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'அடிமை' என்று மாற்றிப் போட்டது. வகுப்பில் கறுப்பினப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு அதை வாய்விட்டு வாசிக்கும் வேதனையைத் தவிர்க்கலாம் என்றார்கள் ஒரு பக்கம். வரலாற்றை வெள்ளையடிக்கிறீர்கள் என்றார்கள் மறுபக்கம். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

நான் வெட்டவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முக்கியம். எங்கள் பாடசாலையில் எல்லாரும் நம் பிள்ளைகள். வசவு விழுந்தால் நிறுத்திப் பேச முடியும், கோபப்பட முடியும், அழவும் முடியும். அதே பதிவை முப்பது சாதி இந்துப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரேயொரு தலித் பிள்ளை இருக்கும் வகுப்பில் போட்டு, நிறுத்தாமல், ஒரு வார்த்தை பேசாமல் ஓடவிட்டால் அது பாடம் இல்லை, வன்கொடுமை. ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகம் என்பதோடு யார் முன்னால், யார் துணையோடு என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது காரணம் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. முதல் அத்தியாயத்தை வெட்டினால் நான்காம் அத்தியாயம் புரியாது.

யார்க்‌ஷயர் மாளிகையில் மேரிக்கு வேலை செய்ய வருபவள் மார்த்தா. பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கும் ஏழைக் குடும்பத்துப் பெண். அப்பாவுக்கு வாரத்துக்குப் பதினாறு ஷில்லிங்தான் கூலி. ஆனால் மார்த்தா சலாம் போடுவதில்லை. கணப்பு அடுப்பைத் தேய்த்துக்கொண்டே சரிசமமாகப் பேசுகிறாள். உனக்கு நீயே துணி போட்டுக்கொள்ளத் தெரியாதா என்று கேட்கிறாள். மேரிக்குத் தலை சுற்றுகிறது. கோபம் வந்தால் ஆயாவின் கன்னத்தில் அறைவது மேரியின் வழக்கம். இவளை அறைந்தால் என்ன செய்வாள் என்று யோசிக்கிறாள். இவள் திருப்பி அறைந்தாலும் அறைவாள் என்று அவளுக்குத் தோன்றுகிறது. அதனால் கை எழவில்லை.

தோழர்களே, இந்த இடத்தில் பதிவை நிறுத்திவிட்டு அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். மேரியைத் தடுத்தது அன்பு இல்லை, அறிவுரை இல்லை. திருப்பி அடி விழும் என்ற நினைப்பு. அண்ணலை வாசிக்கிற நாம் அரசியல் வகுப்பு எடுத்து விளக்குவதை ஒரு குழந்தைகள் நாவல் ஒரே பத்தியில் காட்டிவிடுகிறது. "அப்ப ஆயா ஏன்க்கா திருப்பி அடிக்கல?" என்று பிள்ளைகளே கேட்டார்கள். அடித்தால் வேலை போகும், வேலை போனால் சோறு போகும், ஆட்சியும் சட்டமும் அடிக்கிறவள் அப்பன் கையில் இருக்கிறது என்று அவர்களே பதிலும் சொன்னார்கள். பிளஸ் ஒன் படிக்கும் ஒருவன், "பண்ணையில திருப்பி அடிக்காததும் இதனாலதான" என்றான்.

அதே அத்தியாயத்தில் மார்த்தா ஒரு பேச்சுக்கு, நீயும் கறுப்பாக இருப்பாய் என்று நினைத்தேன் என்கிறாள். கறுப்பர்கள் மீது தனக்கு ஒன்றும் வெறுப்பில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறாள். மேரி வெறிபிடித்தவளாகக் கத்துகிறாள். அவர்கள் மனிதர்களே இல்லை, சலாம் போட வேண்டிய வேலைக்காரர்கள் என்கிறாள். பத்து வயதுக் குழந்தை. பிறக்கும்போதே இதைக் கொண்டு வரவில்லை. வீடு கற்றுக்கொடுத்தது. நம் ஊரில் பத்து வயதுப் பிள்ளை அறுபது வயதுப் பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒருமையில் ஏவுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு அகராதி தேவையில்லை.

நாவலுக்கு உரிய மரியாதையையும் கொடுத்துவிட வேண்டும். மேரி மாறுகிறாள். மார்த்தாவின் அம்மா தன் மகளின் கூலியில் இருந்து இரண்டு பென்னி எடுத்து மேரிக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கி அனுப்புகிறார். கயிறோடு ஓடப்போன மேரி நின்று, திரும்பி வந்து, அது மார்த்தாவின் கூலிக் காசு என்று நினைத்து நன்றி சொல்கிறாள். அவளுக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை, விறைப்பாகச் சொல்கிறாள். ஒரு வேலைக்காரியின் உழைப்பு அன்றைக்குத்தான் அவள் கண்ணில் படுகிறது. நல்ல இடம் அது.

ஆனால் அந்த நன்றி ஆயாவைப் போய்ச் சேரவில்லை. முதல் அத்தியாயத்திலேயே, ஒரு வரி வசனம்கூடப் பேசாமல், காலராவில் செத்துப்போனாள். நோய் முதலில் பரவியது வேலைக்காரர் குடிசைகளில்தான். அங்கே ஒப்பாரி கேட்ட பிறகுதான் பங்களாவுக்கே விஷயம் தெரிகிறது. மறுநாளுக்குள் மேலும் மூன்று வேலைக்காரர்கள் சாகிறார்கள். மேரி அழவில்லை. புது ஆயா வருவாள், புதுக் கதைகள் சொல்வாள், பழைய கதைகள் அலுத்துவிட்டன என்று நினைக்கிறாள். 1993இல் வந்த திரைப்படத்தில் காலராவையே எடுத்துவிட்டு நிலநடுக்கம் ஆக்கிவிட்டார்கள். நிலநடுக்கத்தில் யார் குடியிருப்பு எங்கே, யார் முதலில் செத்தார்கள் என்ற கேள்வியே எழாது. அதனால்தான் வெட்டாத முழு ஒலிப்பதிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்த ஆயா என்ன சாதி என்று பர்னெட் சொல்லவில்லை. அவர் மான்செஸ்டரில் 1849இல் பிறந்து, 1865இல் அமெரிக்காவின் டென்னசிக்குக் குடிபெயர்ந்தவர். இந்தியாவில் வாழ்ந்தவர் இல்லை. கதையில் வரும் ஆயா பேசுவதும் இந்துஸ்தானி. ஆனால் நம் மெட்ராஸ் மாகாணத்தின் கதை நமக்குத் தெரியும். வெள்ளைக்காரர் வீடுகளில் பட்லர், சமையல்காரர், ஆயா என்று வேலை செய்தவர்களில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். மாட்டுக்கறி சமைக்கவும், எச்சில் தட்டு எடுக்கவும், குழந்தையின் பீத்துணி அலசவும் சாதி இந்துக்கள் வரமாட்டார்கள். தீட்டு என்று ஊர் நம் தலையில் கட்டியதுதான் அந்த வேலைக்குத் தகுதியாகவும் ஆனது.

துரைமார் குடும்பங்கள் தாயகம் திரும்பும்போது கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களையும் கூட்டிப்போனார்கள். லண்டன் போய் இறங்கியதும் கைவிடப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் தங்க லண்டன் ஹாக்னி பகுதியில் ஆயாக்கள் இல்லம் என்று ஒன்று இருந்தது. 2022இல்தான் அந்தக் கட்டடத்தில் நீலநிற நினைவுப் பலகை வைத்தார்கள். பழைய கப்பல் பயணிகள் பட்டியல்களில் பல ஆயாக்களுக்குச் சொந்தப் பேர் கிடையாது. இன்ன சீமாட்டியின் ஆயா என்றே பதிந்திருக்கிறார்கள். ஆண்டுமலரின் கடைசி வரி எனக்கு நினைவுக்கு வந்தது.

இனி அந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பதின்மூன்றாம் அத்தியாயம். ராத்திரி. தூக்கம் வராமல் படுத்திருக்கிறான் காலின். மேரி அவனிடம், இந்தியாவில் என் ஆயா செய்வாள், அதைச் செய்கிறேன் என்கிறாள். அவன் கையைத் தடவிக்கொடுத்து, மெல்லிய குரலில் இந்துஸ்தானியில் ஒரு பாட்டுப் பாடுகிறாள். அவன் தூங்கிப்போகிறான். அவனுக்கு டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். அன்றைக்கு அவனைத் தூங்க வைத்தது செத்துப்போன ஆயாவின் கைப்பக்குவம். மேரி காலினுக்குச் சொல்லும் ராஜா கதைகளும் இந்தியாவில் இருந்து அவள் கொண்டுபோனவை. அவள் பெட்டியில் கொண்டுபோன எதையும்விட அதுதான் பயன்பட்டது.

ஆனால் அந்தப் பாட்டின் சொற்கள் புத்தகத்தில் இல்லை. பாடினாள் என்று மட்டும் இருக்கிறது. பதிவில் வாசிப்பவர் என்ன செய்வார்? புத்தகத்தில் இருப்பதைத்தான் வாசிக்க முடியும். பாடினாள் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். எட்டு மணி நேரப் பதிவில் யார்க்‌ஷயர் ஏழைகளின் வட்டாரப் பேச்சு மணிக்கணக்கில் கேட்கிறது. ஆயாவின் பாட்டு ஒரு நொடிகூடக் கேட்பதில்லை.

யார்க்‌ஷயர் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்த்தாவின் பேச்சு எஜமானர் ஆங்கிலம் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு முதல் வாரம் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கதை போகப்போக மேரி அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டு பெருமையாகப் பேசுகிறாள். காலினும் பேசுகிறான். வேலைக்காரர் மொழி அந்த வீட்டின் அன்பு மொழி ஆகிறது. இதைக் கேட்ட பிறகுதான் எங்கள் பிள்ளைகளோடு சேரிப் பேச்சு பற்றிப் பேச வாய்த்தது. வாய் திறந்தாலே 'எந்தத் தெரு' என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் இவர்கள். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அதன் மொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்று அது கல்லூரிகளில் பாடம். பேச்சு மாறவில்லை. அதை அச்சில் ஏற்ற ஒருத்திக்குத் துணிவு வந்தது, அவ்வளவுதான்.

ஒலிப்புத்தகம் என்பதை ஏதோ புதுத் தொழில்நுட்பம் என்று நினைக்கிறோம். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கதையைத் தன் குரலில் சொல்லித் தூங்க வைத்த பெண்கள்தான் அதன் முதல் வாசிப்பாளர்கள். கூலிக்கு அடுத்தவர் பிள்ளைக்குச் சொன்ன கதை ஆயிரம். அந்த நேரத்தில் அவர்கள் சொந்தப் பிள்ளைகள் குடிசையில் தனியாக இருந்தார்கள். என் அம்மா கேட் பக்கத்தில் சொன்ன கதைகளில் பாதி நான் கேட்டதில்லை. நான் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் பிள்ளைகள் வீட்டு வேலைக்கும் தூய்மைப் பணிக்கும் போகும் தங்கள் அம்மாக்களிடமும் ஆயாக்களிடமும் கதையும் தாலாட்டும் கேட்டு செல்போனில் பதிவுசெய்கிறார்கள். நீங்களும் செய்யலாம். ஸ்டுடியோ வேண்டாம். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், போனை வாய்க்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். சொல்பவரின் சம்மதம் கேளுங்கள். அவர்கள் பேச்சைத் திருத்தாதீர்கள்.

லிப்ரிவாக்ஸில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பெரும்பாலான பதிவுகளில் தொடக்கத்திலேயே புத்தகத்தின் பேர், எழுதியவர் பேர், அதோடு வாசிப்பவரின் பேரும் வரும். நாங்களும் அதையே விதியாக வைத்திருக்கிறோம். எங்கள் பதிவு ஒவ்வொன்றும் சொல்பவர் தன் முழுப் பேரைத் தானே சொல்வதில்தான் தொடங்குகிறது. சில பாட்டிமார் கூச்சப்பட்டு, 'ஆயான்னு போட்டுக்க' என்கிறார்கள். பிள்ளைகள் விடுவதில்லை. பேரைச் சொன்ன பிறகுதான் கதை.

ஜெய்பீம்.